வண்டி நிற்கும் இடத்தை முதலில் எழுதுங்கள்

மார்கழி பாதி தாண்டி விட்டால் போதும், வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். "பொங்கல் கழிஞ்சு மூணு நாள் எங்கேயாவது போயிட்டு வரலாமா?" என்று பிள்ளைகள் ஆரம்பிப்பார்கள். வீட்டுக்காரர் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக் கொண்டு, "குற்றாலம், கன்னியாகுமரி, ராமேஸ்வரம்... ஒரே மூச்சில் முடிச்சிடலாம்" என்பார். நாம் அடுப்படியில் நின்றபடியே யாருக்கு எத்தனை ஜோடித் துணி, மாமியாருக்கு எத்தனை மாத்திரை, சின்னதுக்கு எத்தனை ஜட்டி என்று கணக்குப் போட ஆரம்பித்து விடுவோம். போய் வந்த பிறகு எல்லோருக்கும் ஊர் பார்த்த சந்தோஷம். நமக்கு மட்டும் இடுப்பு வலி, தலைவலி, அப்புறம் வெளியே சொல்லக் கூசுகிற நீர்க்கடுப்பு!

அந்தக் கடைசி விஷயத்தைத்தான் முதலில் பேச வேண்டும், சகோதரிகளே. வண்டி ஏறுகிற அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் வயிறாரத் தண்ணீர் குடிக்கிறோம்? காலையில் ஒரு வாய் காபி. அதற்கு மேல் நாக்கு வறண்டாலும் தம்ளரைத் தொடுவதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "வழியில் எங்கே போய் ஒதுங்குவது?" ஆண்பிள்ளைகளுக்கு வழி நெடுகப் புளியமரம் இருக்கிறது, நமக்கு இல்லை.

தண்ணீரும் குடிக்காமல், வருவதையும் அடக்கிக் கொண்டு ஆறேழு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? பெண்களுக்குச் சிறுநீர்த் துவாரத்திலிருந்து பைக்குப் போகிற பாதை ஆண்களை விட மிகவும் குட்டை. கிருமி சுலபமாக ஏறி விடும். அடிக்கடி சிறுநீர் போனால் அதோடு கழுவிக் கொண்டு போய் விடும். அடக்கினால் உள்ளேயே தங்கிப் பெருகும். எரிச்சலில் ஆரம்பித்து, குளிர் காய்ச்சல், விலாவில் வலி என்று சிறுநீரகம் வரை போவதுண்டு. கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. குறைமாதப் பிரசவத்தில் கொண்டு விடலாம். எரிச்சலோடு காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய் விடுங்கள். போன தடவை மிச்சம் வைத்த மாத்திரையைத் தேடிப் பிடித்து விழுங்குகிற வேலை வேண்டாம்.

ஆகவே பிரயாணத் திட்டம் போடும் காகிதத்தை நீங்கள் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். பார்க்கப் போகிற இடத்தை எழுதுவதற்கு முன்னால் வண்டி நிற்கப் போகிற இடத்தை எழுதுங்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை நிறுத்தம். அந்த இடத்தில் கழிப்பறை, நிழல், தண்ணீர் மூன்றும் இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்டு, கொஞ்சம் பெரிய ஓட்டல், கோயில் வளாகம் என்று யோசித்தால் கிடைக்கும். கைக்குழந்தைக்காரிகள் பஸ் ஸ்டாண்டை மறக்க வேண்டாம். 2015-ல் தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் பால் கொடுக்கத் தனி அறைகள் திறந்தார்கள். நமக்காகக் கட்டியதை நாமே உபயோகிக்காவிட்டால் அதில் துடைப்பமும் வாளியும்தான் குடியிருக்கும்.

இன்னொரு கணக்கு. வரைபடம் 60 கிலோமீட்டருக்கு ஒரு மணி என்று சொல்லும். அது குழந்தை இல்லாத வண்டிக்கு! நம் கிராமத்து ரோட்டில், பிள்ளைகளோடு, மணிக்கு 35 கிலோமீட்டர் என்று போட்டுக் கொள்ளுங்கள். முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் லாபம்தானே!

சரி, வெறும் உபதேசம் எதற்கு? முக்கூடலிலிருந்து நாங்கள் போன தை மாதம் போய் வந்த மூன்று நாள் வழியையே சொல்கிறேன். திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் பக்கத்துச் சகோதரிகள் அப்படியே எடுத்துக் கொள்ளலாம். மற்றவர்கள் உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக் கொள்ளுங்கள். (முக்கூடற்பள்ளு பாடிய முக்கூடலா என்று சிலர் கேட்பார்கள். அது சீவலப்பேரிப் பக்கம். எங்கள் முக்கூடல் பீடிக்குப் பேர் போன ஊர்.)

போகலாம் என்று கிளப்பி விட்டதே பக்கத்து வீட்டு மதினிதான். காலை எட்டு மணிக்கு முறத்தை மடியில் வைத்தால் பொழுது சாயும் வரை பீடி சுற்றுகிறவர். மூன்று நாள் சுற்றாவிட்டால் மூன்று நாள் கூலி போச்சு. அப்படியும், "ஏளா, இந்த ஆத்துல தொவைச்சுத் தொவைச்சே கை தேஞ்சு போச்சி. அது எங்க போயி விழுதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டு விட்டார். யோசித்துப் பார்த்தால் நானும் பார்த்ததில்லை. பொதிகையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு சேருகிறது தாமிரபரணி. பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. அந்த ஆற்றையே வழிகாட்டியாக வைத்துக் கொண்டால் என்ன என்று தோன்றியது. மலை ஒரு நாள், பறவையும் கடலும் ஒரு நாள், ஆறு முடிகிற இடம் ஒரு நாள்.

முதல் நாள்: மலை

முதல் நாள் இரவு சொந்த வீட்டிலேயே படுக்கை. இது ரொம்ப முக்கியம். காலையில் பாபநாசம் போய், சாயங்காலம் வீடு திரும்பி விடலாம். லாட்ஜ் செலவு மிச்சம். ஈரத் துணியை நம் கொடியிலேயே காயப் போடலாம். யாருக்கு வண்டி ஒத்துக் கொள்ளவில்லை, யார் செருப்பு கடிக்கிறது என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்து விடும்.

பெட்ரோல், பால், மருந்து எல்லாம் விக்கிரமசிங்கபுரத்திலேயே வாங்கி விடுங்கள். பாபநாசம் தாண்டினால் வனத்துறைச் சோதனைச் சாவடி. அதற்கு அப்பால் களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். முண்டந்துறையை 1962-லேயே புலிகளுக்கான சரணாலயம் ஆக்கி விட்டார்கள். களக்காடு சரணாலயத்தையும் அதோடு சேர்த்து, 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆயிற்று. புலியைப் பார்த்து விடலாம் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டாதீர்கள். அது நம்மைப் பார்க்கும். நாம் அதைப் பார்க்க மாட்டோம்! கருமந்தி, மலை அணில் கண்ணில் படலாம். மாலைக்குள் வெளியே வந்து விட வேண்டும். காட்டுத் தீ, கணக்கெடுப்பு, கனமழை என்று சில நாள் மூடி விடுவார்கள்; ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டத்தால் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கிளம்புவதற்கு முந்தின நாள் விசாரித்து விடுவது நல்லது. உள்ளே கைபேசி வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். ரொக்கம் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

சாவடியில் பிளாஸ்டிக் பைகளைச் சோதித்து வாங்கி வைத்து விடுவார்கள். கோபப்படாதீர்கள், நியாயம்தான். சாப்பாட்டைத் தூக்குச் சட்டியிலும் வாழையிலையிலும் கட்டிக் கொண்டால் பிரச்னையே இல்லை. இலையை அனலில் லேசாக வாட்டி விட்டால் கிழியாது. முதல் நாளுக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, மத்தியானத்துக்குப் புளியோதரை. தேங்காய்ச் சட்னி வேண்டாம். பத்து மணி வெயிலுக்கே வாடை வந்து விடும். தயிர்சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பிசைந்தால் மத்தியானம் புளிக்காமல் இருக்கும். குரங்குக்கு ஒரு பருக்கை கூடப் போடக் கூடாது. ஒன்றுக்குப் போட்டால் பத்து வரும். குழந்தை கையில் இருப்பதைப் பிடுங்கும்போது நகம் கீறும். கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் நாய்க்கடிக்குப் போடும் அதே ஊசியைக் கேட்க வேண்டும்.

அகஸ்தியர் அருவியில் குளித்தோம். உடை மாற்ற இடம் தேடி அலைய வேண்டாம்; ஒரு பழைய நூல் சேலையும் நாலு துணி கிளிப்பும் எடுத்துக் கொள்ளுங்கள். காரின் ஒரு பக்கத்து இரண்டு கதவுகளையும் திறந்து, நடுவே சேலையைக் கட்டினால் அருமையான அறை. ஆற்றில் இறங்குகிறவர்கள் ஜாக்கிரதை. மேலே அமைதியாகத் தெரியும்; உள்ளே பாறை இடுக்கும் கசமும் இருக்கும். பிள்ளைகள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் போகக் கூடாது என்று கரையிலேயே சொல்லி விடுங்கள். பரிகாரம் என்று பழைய துணியை ஆற்றில் விடுகிறார்களே, அதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். படித்துறையெல்லாம் துணி. காலில் சுற்றினால் நீந்தத் தெரிந்தவனும் மாட்டிக் கொள்வான். கீழே பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் குடிக்கிற தண்ணீர் இதே தண்ணீர்தான்!

"மாஞ்சோலை போகலையா?" என்று பலர் கேட்டார்கள். போகவில்லை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தோட்டம் அது. 2024-ல் கம்பெனி வேலையை நிறுத்தி விட்டது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கிள்ளிய பெண்கள் மலையை விட்டு இறங்க வேண்டி வந்தது. அந்த ஊரை வேடிக்கை பார்க்கப் போக எனக்கு மனசு வரவில்லை. தவிர, அந்த வளைவு ரோட்டில் குழந்தைகள் வாந்தி எடுக்காமல் வர மாட்டார்கள்.

வாந்தி என்றதும் ஒன்று. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரை இந்தத் தொல்லை அதிகம். வயிறு சும்மாவும் இருக்கக் கூடாது, நிறையவும் கூடாது. முன்னால் ரோட்டைப் பார்க்கிற மாதிரி உட்கார வையுங்கள். ஓடுகிற வண்டியில் கைபேசியும் படக்கதையும் கொடுக்கவே கூடாது. கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வேறொன்று சொல்லும். அந்தச் சண்டையில்தான் குமட்டல். ஜன்னலைத் திறந்து காற்று விட்டாலே பாதி சரியாகும். மாத்திரை கொடுப்பதென்றால் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

முன் சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக் கொள்ளும் வழக்கத்தையும் விட்டு விட வேண்டும். திடீர் பிரேக்கில் நம் கை பிடித்து நிறுத்த முடியாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ கட்டாயம்; மீறினால் 1000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள், குழந்தை நம்முடையது அல்லவா?

இரண்டாம் நாள்: பறவை, கடல்

விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி விட்டோம். பிள்ளைகளை எழுப்பிப் பல் விளக்க வைத்து அழ விட வேண்டாம்; தூக்கத்திலேயே தூக்கிப் போட்டுக் கொண்டு போய், போகிற இடத்தில் பல் விளக்கலாம். சேரன்மகாதேவி, நாங்குநேரி வழியாக ஒன்றே முக்கால் மணியில் கூந்தன்குளம்.

எத்தனையோ பேர் பக்கத்திலேயே இருந்தும் இதைப் பார்த்ததில்லை. குளத்து மரங்களில் மட்டுமா, ஊருக்குள்ளே வீட்டு மரங்களிலும் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நாரையில் பல தினுசு. இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துக்களும் குளத்தில் இறங்கும். மார்கழி, தை தொடங்கிச் சித்திரை வரை பார்க்கலாம். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் சட்டம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இந்த ஊர்க்காரர்கள்தாம் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். தீபாவளிக்கு வெடி கிடையாது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறார்கள். எச்சம் கலந்த குளத்து மண் வயலுக்கு உரம். முற்றம் முழுக்க வெள்ளை வெள்ளையாய் எச்சம் விழுந்தாலும் முகம் சுளிக்காமல் கூட்டுகிறார்கள் அந்த வீட்டுப் பெண்கள். ஒரு காக்காய் எச்சமிட்டாலே நாம் எத்தனை கத்துகிறோம்! மதினிக்கு அங்கேயிருந்து கிளம்பவே மனசில்லை. தாய் நாரை இறக்கையை விரித்து வெயிலுக்குக் குடை பிடிக்கிறதைக் காட்டி, "பாத்தியா, அதுவும் நம்மள மாதிரிதான், ஒரு எடத்துல உக்காந்தே பொழப்பு" என்றார்.

எட்டரைக்குள் பார்த்து முடித்து, கொண்டு போன இட்லியைச் சாப்பிட்டு, விஜயநாராயணம், திசையன்விளை வழியாக உவரிக்கு வந்து சேர்ந்தோம். அந்தோணியார் கோயிலும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் ஒரே கடற்கரை ஊரில். சுயம்புலிங்கர் கோயிலில் நேர்ந்து கொண்டவர்கள் கடலிலிருந்து ஓலைப் பெட்டியில் மண் சுமந்து கொட்டுகிறார்கள். பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு பெட்டி சுமந்தார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள். பதினொன்றரை மணிக் கடற்கரை மணல் சின்னக் கால்களுக்கு ஆகாது.

இங்கேதான் எல்லோரும் நம்மோடு சண்டைக்கு வருவார்கள். உவரியிலிருந்து திருச்செந்தூருக்குக் கடற்கரைச் சாலையில் வரும்போது மணப்பாடு வழியில் வருகிறது. "வழியில்தானே இருக்கு, பார்த்து விட்டே போவோம்" என்பார் வண்டி ஓட்டுகிறவர். கூடாது! மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மணப்பாட்டுக் குன்றின் மேல் ஏறினால் யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை. கண்ணைச் சுருக்கிக் கொண்டு தலைவலியோடு இறங்குவார்கள். நேரே திருச்செந்தூர் போய் அறை எடுத்து, சாப்பிட்டு, எல்லோரும் இரண்டு மணி நேரம் தூங்க வேண்டும். எல்லோரும் என்றால் நாமும்தான்; துணி அலச உட்காரக் கூடாது. வண்டி ஓட்டுகிறவரும் தூங்க வேண்டும். வாடகைக் கார் என்றால் டிரைவர் அண்ணாச்சிக்குப் படுக்க இடம் உண்டா என்று அறை பேசும்போதே கேட்டு விடுங்கள். அவர் தூக்கம்தான் நம் உயிருக்குக் காவல்.

குழந்தை தூங்குகிறதே என்று வண்டியிலேயே கண்ணாடியை ஏற்றி விட்டு, "ஒரு நிமிஷம்" என்று இறங்கிப் போவதைப் பல இடத்தில் பார்க்கிறேன். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி சூடு ஏறும். சின்னக் குழந்தையின் உடம்பு நம்மை விட வேகமாகக் கொதித்து விடும். ஒரு நிமிஷமும் கூடாது, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் கூடாது.

நாலு மணிக்குக் கிளம்பி, குலசேகரப்பட்டினம் வழியாக அரை மணியில் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக் கொண்டிருக்கிற மணற்குன்று, மேலே திருச்சிலுவைக் கோயில், ஒரு பக்கம் அலை, மறுபக்கம் அமைதியான கழி. புனித சவேரியார் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தபோது தங்கியதாகச் சொல்லும் குகை குன்றின் ஓரத்தில் இருக்கிறது. சாயங்கால வெயிலில் அந்தக் குன்றின் மேல் உட்கார்ந்து அவித்த கடலையைக் கொறித்தபடி கடலைப் பார்த்தோமே, மூன்று நாளில் நான் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்த முதல் அரை மணி அதுதான். மதினி காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்தார். வீட்டில் காலை மடக்கியே உட்காருகிறவர். முட்டி வலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சொல்கிறேன்: வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி ஐந்து நிமிஷம் நடங்கள். கால் வீக்கம் பாதியாகக் குறையும்.

திரும்பும்போது குலசையில் பிள்ளைகளுக்கு ஒரு கதை இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். நமக்கு உடன்குடிக் கருப்பட்டி! கொஞ்சம் உள்ளே போனால் உடன்குடி. கருப்பட்டி வாங்கும்போது பிளாஸ்டிக்கில் கட்டாமல் ஓலைப் பெட்டியில் வாங்குங்கள். வேர்க்காது, ருசியும் மாறாது. பங்குனிக்கு மேல் போகிறவர்களுக்குப் பதநீரும் நுங்கும் வழி நெடுகக் கிடைக்கும். புரட்டாசித் தசரா நாட்களில் மட்டும் இந்தப் பக்கம் குழந்தைகளோடு வண்டியில் வர நினைக்காதீர்கள். ரோட்டில் ஊசி விழ இடம் இருக்காது.

மூன்றாம் நாள்: ஆறு முடிகிற இடம்

விடிகாலை முருகன் தரிசனம். 2025 ஜூலையில் குடமுழுக்கு நடந்த கோயில். எந்த நாளும் கூட்டம்தான். தைப்பூசத்தை ஒட்டிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். பாத யாத்திரைக்காரர்கள் இரவெல்லாம் ரோட்டோரம் நடந்து வருவார்கள். அந்த வாரத்தில் இருட்டில் வண்டி ஓட்டவே வேண்டாம். கடலில் பிள்ளைகளைக் குளிக்க விட்டால் கையைப் பிடித்தபடியே நில்லுங்கள். முதுகைக் காட்டிக் கொண்டு படம் பிடிக்கிற வேலை வேண்டாம். அப்புறம் நாழிக் கிணற்றுத் தண்ணீரில் உப்புப் போகக் குளிப்பாட்டலாம். கடலுக்கு அத்தனை பக்கத்தில் இருந்தும் நல்ல தண்ணீர்!

பிறகு காயல்பட்டினம், ஆறுமுகநேரி. வழியில் உப்பளம். ஆத்தூர் வெற்றிலை இரண்டு கவுளி வாங்கிக் கொண்டோம். அங்கேயிருந்து புன்னைக்காயல்.

பெரிய காட்சி ஒன்றும் இல்லை. மீன் வலைகள், படகுகள், உப்புக் காற்று. கடைகளும் குறைவு. (கழிப்பறை வேலையை ஆத்தூரிலேயே முடித்து விடுங்கள்.) புத்தகம் படிக்கிற நமக்கு இந்த ஊர் மேல் ஒரு பாத்தியதை உண்டு. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழில் தந்த அண்டிரிக் அடிகளார் பல காலம் இருந்து பணியாற்றிய ஊர் இது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம் அது.

ஆறு அகலமாக, சத்தமே இல்லாமல் கடலுக்குள் போகிறது. எது ஆறு, எது கடல் என்று கோடு கிழிக்க முடியவில்லை. மதினி குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பாயிட்டே!" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இங்க வந்து சேருறதுக்குள்ள எத்தன பேரு துணி தொவைச்சிருப்பாளோ!" என்று சிரித்து விட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக் கொண்டார்.

திரும்பும் வழி ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆதிச்சநல்லூர் என்று ஆற்றை ஒட்டியே வருகிறது. ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய இடத்திலேயே வைத்து, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். 2023-ல் திறந்த இந்த இடத்தில் பிள்ளைகள் காலுக்குக் கீழே பார்த்து, பயந்து, மறுபடி மறுபடி பார்த்தார்கள். முன்காலத்தில் பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கையும் பக்கத்தில்தான். இப்போது கடல் விலகிப் போய் வெறும் கிராமம். நேரம் இருந்தால் மட்டும் போங்கள்.

வேறு வழியாகத் தூத்துக்குடி போய், வல்லநாட்டு வெளிமான் சரணாலயத்தைப் பார்த்து விட்டு வரலாமே என்பார்கள். நல்ல வழிதான். 1987-ல் அறிவித்த சரணாலயம் அது. தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆக்கிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆனால் மான்கள் காலையிலும் சாயங்காலமும்தான் வெளியே வரும். அதற்காகக் காத்திருந்தால் வீடு சேர நடுநிசி. இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். அது இன்னொரு சனிக்கிழமைக்கு இருக்கட்டும்.

பையில் கட்டாயம் இருக்க வேண்டியதைச் சொல்லி விடுகிறேன். ஒரு லிட்டர் பாட்டில், ஒரு டீஸ்பூன், சர்க்கரை, உப்பு. வயிற்றோட்டம் வந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கடையில் விற்கும் பொட்டலம் இருந்தால் இன்னும் நல்லது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எத்தனை வெயிலானாலும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர் வேண்டாம். நாம்தான் கூடக் குடிக்க வேண்டும். எல்லோருடைய மருந்துச் சீட்டும் ஒரு கவரில். அவசரத்துக்கு 108. வழியையும் நிற்கும் இடங்களையும் காகிதத்தில் எழுதி முன் கண்ணாடி ஓரம் ஒட்டி விடுங்கள். கைபேசி தூங்கினாலும் காகிதம் தூங்காது.

மூன்றாம் நாள் ஐந்து மணிக்கெல்லாம் வீடு வந்து விடலாம். வந்ததும் சேலையைச் செருகிக் கொண்டு அடுப்படிக்குப் போவது நீங்களாக இருக்க வேண்டாம். கிளம்புவதற்கு முந்தின நாள் இட்லிக்கு அரைத்ததில் ஒரு பாத்திரத்தைப் புளிக்க விடாமல் உடனே குளிர்பெட்டியில் வைத்து விடுங்கள். எந்தத் தட்டில் வைத்திருக்கிறீர்கள், இட்லிக் கொப்பரை எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு வண்டி ஏறுவதற்கு முன்னாலேயே காட்டி விடுங்கள்.